தெற்குக் கரையில் எண்ணாமல் விட்ட ஐந்து கட்டங்கள்

பல்லடத்துக் கோழித் தீவன மில்லுக்குக் கருவாட்டுத் தூள் ஏற்றிப் போகும் லாரி ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருமுனையில் நின்றுவிட்டுப் போகிறது. டிரைவர் டீ குடிக்கிற நேரம்தான். அந்தப் பத்து நிமிடமும் சூலூருக்குக் கடல் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்துவார். நான் என் சன்னலைத் திறப்பேன். உப்பு, காய்ந்த சேறு, வெயிலில் வெந்த வலை, செத்த சிப்பி. இருபது வருடம் ஒவ்வொரு மாசியிலும் மூச்சில் இழுத்த காற்று அது.

போன வாரம் லாரி நிற்கும்போதே போன் வந்தது. திவ்யா பேசினாள். கோவையில் நான் வேலை பார்த்த வனவிலங்கு ஆய்வு அலுவலகத்தில் இப்போது என் இடத்தில் இருக்கிற பெண். ஒடிசாக் கரையில் நின்று பேசினாள். பின்னால் அலை கேட்டது.

"ஏனுங்ண்ணா, நண்டுக் கணக்கு போடற இந்தப் புது ஆப்ல எதையும் காலியா விட முடியலீங்க. திடீர்னு மழை புடிச்சு நாலு கட்டம் பாக்க முடியாமப் போச்சு. நம்பர் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகுது. முன்ன பின்ன இருக்கற நம்பரை வெச்சு நானே நடு எடுத்து நிரப்பிக்கட்டுமான்னு அதுவே கேக்குது. சரின்னு அமுக்கிரட்டுங்களா?"

"சாயங்காலம் கூப்பிடறேன் கண்ணு, அதுவரைக்கும் எதையும் அமுக்காத" என்று வைத்துவிட்டேன். லாரி கிளம்பிப் போயிற்று. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் டெஸ்டிங் செக்சனில் பத்து வருடம் இருந்தேன். நூலைச் சுற்றி, எடை போட்டு, நம்பர் பார்த்து, அறுகிறவரை இழுத்து, தாளில் எழுதுவது. மில்லை மூடினார்கள். ஆய்வு அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். "அளக்கத் தெரியுமா?" என்றார்கள். "அது ஒண்ணுதானுங்க தெரியும்" என்றேன். முதலில் சூலூர்க் குளத்தில் பறவை எண்ண விட்டார்கள். பிறகு ஒரு தை மாதம் ரயிலேற்றி ஒடிசாவுக்கு அனுப்பினார்கள், லாட நண்டு எண்ண. திருச்செந்தூரில் மொட்டை அடித்த நாளுக்குப் பிறகு நான் கடலையே பார்த்ததில்லை.

லாட நண்டு என்று பெயர், ஆனால் அது நண்டு இல்லை. தேளுக்கும் சிலந்திக்கும்தான் சொந்தம். குதிரை லாடம் போல வளைந்த ஓடு, பின்னால் நீளமாக ஓர் ஊசி வால். கவிழ்த்த இரும்புச் சட்டிக்குக் கம்பி செருகினதுபோல இருக்கும். பனி விலகி வெயில் ஏறத் தொடங்குகிற நாட்களில், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி, கடல் ஏற்றத்தோடு கரைக்கு வரும். பெண் முன்னால் வரும். அதைவிடச் சிறிய ஆண் பின்னாலிருந்து கொக்கிக் கால்களால் அதன் ஓட்டைப் பற்றிக்கொண்டே வரும். தண்ணீர் எட்டுகிற கடைசிக் கோட்டில் பெண் மண்ணைத் தோண்டி முட்டையிடும். நீர் தெளிவாக இருந்தால் முதுகு தெரியும். கலங்கலாக இருந்தால் குமிழிதான் அடையாளம். அடியில் தோண்டத் தோண்ட மேலே குமிழி வரும், உலை கொதிக்கத் தொடங்குகிறதுபோல.

முதல் வருடம் நான் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வடக்கே புறப்படும் அவசரத்தில் உள்ளான் குருவிகள் காலடியில் ஓடும். ஆலாப் பறவைகள் தலைக்கு மேலே கத்தும். மணலில் சிவப்பு நண்டுகள் மிளகாய் காயப்போட்டதுபோல் கிடந்து, ஓர் அடி எடுத்துவைத்தால் மொத்தமாக மறையும். இறங்குமுகத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்கிப் போய்விடும். கடலே எழுந்து போனதுபோல இருக்கும். நூல் நூற்ற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதெல்லாம் சம்பளம் கொடுத்துக் காட்டுகிறார்கள் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. இப்போதும்தான்.

எங்கள் ஆய்வுக்குத் தலைமை ஷமீமா மேடம். கோவைக் கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்தவரின் மகள். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை 'அண்ணா' என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் ஏறுவதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பேச்சில் 'ங்க' கூடும். "இந்த டேப்பை இப்படி ஈரத்தோட சுத்தி வெச்சது யாருங்க, நீங்களுங்களா?" என்றால் அன்றைக்கு யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

ரயிலில் ஏறியதும் அவர் செய்கிற முதல் வேலை, புதுப் பென்சில் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் இருக்கும் ரப்பரை பிளேடால் அறுத்து எறிவது. உப்புத் தண்ணீரில் பேனா மை ஓடிவிடும், அதனால் பென்சில். ஆனால் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். டிக்கெட் பரிசோதகர் ஒருமுறை அந்த ரப்பர்க் குவியலைப் பார்த்துவிட்டு எங்களையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

எண்ணுகிற முறை இதுதான். ஏற்றக்கோட்டை ஒட்டி நூறு மீட்டர் கயிறு. பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கு நடுவில் உள்ளது ஒரு கட்டம், ஆக மொத்தம் பத்துக் கட்டம். ஏற்றம் உச்சிக்கு வர அரைமணி இருக்கும்போது தொடங்கி, ஒரு கட்டத்துக்கு ஐந்து நிமிடம் நின்று எண்ண வேண்டும். ஜோடி எத்தனை, தனி எத்தனை, கவிழ்ந்து கிடப்பது எத்தனை. பிறகு ஓட்டின் அகலத்தைக் காலிப்பரால் அளக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கவிழ்ந்தால் நிமிர அதற்கு இருப்பது அந்த வால்தான். கையை நனைத்துக்கொண்டு இரு விளிம்பிலும் பிடிக்க வேண்டும். ஜோடியைப் பிரிக்கக் கூடாது, பெண்ணை அளந்து அப்படியே பின்னால் தொங்கும் ஆணையும் அளக்க வேண்டும்.

இதோடு இன்னொரு விதி. "முதல்ல எண்ணுங்க, அப்புறம் காப்பாத்துங்க." கவிழ்ந்த ஒன்றை நிமிர்த்தக் குனிந்தால் அந்த நேரத்தில் வந்து போகிற பத்தைப் பார்க்காமல் விடுவோம் என்பார் மேடம்.

அந்த விதியை மீறியதைத்தான் சொல்ல வந்தேன். மீறியதைவிட, மீறியபின் நான் செய்ததை.

அந்த வருடம் தெற்குக் கரையில் கல்சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. கடல் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. சுவர் வேண்டும் என்பதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. நண்டு தோண்டுகிற கோட்டின்மேலேயே கல் விழுந்தால், அடுத்த மாசியில் ஏறி வருகிறதற்கு மண் இருக்காது. எங்கே, எத்தனை தோண்டுகின்றன என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்துவிட்டுக் கோடு போடுவதாக மாவட்ட அதிகாரி சொல்லியிருந்தார். பங்குனி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கல் லாரிகள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. தை மாத ஏற்றங்களில் அந்தக் கரைக்கு அநேகமாக ஒன்றும் வரவில்லை. அடுத்து நம்பியிருந்தது மாசிப் பௌர்ணமியை.

அந்த ஊரில் நிரஞ்சன் என்று ஒரு மீனவர். எங்களை முதன்முதல் பார்த்தபோதே, "ஏனுங்ண்ணா, கோயமுத்தூருங்களா?" என்றார். நான் ஆடிப்போனேன். ஆறு வருடம் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டிவிட்டு, அப்பா படகை ஓட்ட ஆளில்லை என்று திரும்பி வந்தவர். ஒடியாவில் சண்டை போட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லீங்க, நம்ம சித்தப்பாதானுங்க" என்று சிரிப்பார்.

பௌர்ணமியன்று காலை பத்தை ஒட்டி ஏற்றம். கூட வந்த இரண்டு மாணவர்களும் பரீட்சை என்று முந்தைய நாளே கிளம்பிவிட்டார்கள். மேடம் வடக்குக் கரைக்குப் போனார். தெற்குக் கரைக் கயிறு என்னிடம், தனியாக.

ஐந்து கட்டம் எண்ணி முடித்தேன். இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, மூன்று. ஐந்தாவது முடிச்சுக்கு மேல் மணலில் ஒரு வலை கிடந்தது. முந்தின நாள் அலை ஒதுக்கியது. அது மெல்ல நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் உள்ளே லாட நண்டுகள், பதினொன்று. கால், வால், ஓட்டு விளிம்பு எல்லாம் நைலானில் சுற்றிக்கொண்டு. ஒன்றின் கால் மூட்டில் கண்ணி இறங்கியிருந்தது. கசிந்த ரத்தம் காற்றுப் பட்டு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

எண்ணிவிட்டு வந்து எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். கால் நகரவில்லை.

வலையை அறுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது யாரோ ஒருவரின் பிழைப்பு. மில்லில் அறுந்த நூலை முடிந்து பழகிய கை. உட்கார்ந்தேன். ஒவ்வொரு கண்ணியாக விரலால் பின்னுக்குத் தள்ளிக் கழற்றினேன். நடுவில் நிரஞ்சன் வந்தார். வலை அவருடையதுதான். அவரும் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேருமாகப் பதினொன்றையும் எடுத்துத் தண்ணீரில் விட்டோம். கடைசியாக விட்டது ஒரு நொடி நின்று, வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, கலங்கலுக்குள் போயிற்று. நிமிர்ந்தால் கடல் முடிச்சுகளை விட்டு வெகுதூரம் இறங்கியிருந்தது. ஆறிலிருந்து பத்துவரை ஐந்து கட்டமும் காலி.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ரீடிங் விட்டுப்போனால் முன்னும் பின்னும் உள்ளதை வைத்து நடு எடுத்து எழுதிவிடுவோம். மேற்பார்வையாளரே அப்படித்தான் சொல்லித் தந்தார். நூலின் நம்பர் திடீரென்று குதிக்காது, ஆகவே அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. எனக்கும் கை தானாக எழுதியது. இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. வலையைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் நேரம் எங்கே போனது என்று தெரிந்துவிடுமே.

மாலையில் மேடம் பக்கங்களைப் புரட்டினார். தெற்குக் கரைப் பக்கத்தில் விரல் நின்றது.

"இந்தப் பக்கத்துல கடல் ரொம்ப மரியாதையா இருக்குதுங்ண்ணா."

"அப்படித்தானுங்க இருந்துச்சு மேடம்."

அவர் நோட்டை மூடி வைத்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நிரஞ்சன் தூக்குப்போசியில் டீயோடு வந்தார். உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"மேடம், உங்க அண்ணனுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுங்க. நேத்து என்ற வலைல ஒரு இழை அறுக்காம பதினொண்ணு எடுத்து விட்டாருங்க. முழுசா ஒரு மணி நேரம். பல்லடத்துல ஒரு மணி நேரம் தறிய நிறுத்திப்போட்டு உக்காந்தா ஓனரு வெரட்டியே உட்டுருவாரு."

"சேலையா? எனக்கெதுக்குங்க?" என்றேன், பேச்சை மாற்ற.

"உங்களுக்கு இல்லீங்ண்ணா, ஊட்டுல அக்காவுக்கு. அவங்க மனசு வெச்சுத்தானே உங்கள இங்க அனுப்பறாங்க."

மேடம் சிரிக்கவில்லை. நிரஞ்சன் போகிறவரை டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"ஒரு மணி நேரமுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப இந்த அஞ்சு கட்டம் எப்பங்க பாத்தீங்க?"

"பாக்கலீங்க."

"இந்த நம்பர் எங்கிருந்துங்க வந்துச்சு?"

மில் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. பென்சிலை என்னிடம் நீட்டினார். ஐந்து எண்களின் மேலும் நானே கோடு இழுத்தேன். கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவர் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பதினொண்ணை ஏன் எழுதலீங்க?" என்றார். "நேத்து இந்தக் கரைல நீங்க நெசமா கையில தொட்டது இது ஒண்ணுதான். அதைப் போய் மறைச்சுப்போட்டு, பாக்காததை எழுதியிருக்கறீங்க." அடித்த எண்களுக்குக் கீழே அவர் கையால் எழுதினார்: 'ஐந்து கட்டங்கள் பார்க்கப்படவில்லை. வலையில் சிக்கிய பதினொன்று விடுவிக்கப்பட்டன. ஒன்றுக்குக் காயம்.' அந்த மூன்று வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைய ஏற்றத்துக்கு மேடத்துக்கு வடக்குக் கரை பாக்கியிருந்தது; அதை விட்டால் அடுத்த பெரிய ஏற்றம் அமாவாசைக்குத்தான். பதினைந்து நாள் காத்திருந்து தெற்குக் கரையை மறுபடியும் பார்த்தாக வேண்டும். அது தெரிந்ததும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மேடத்தின் தம்பிக்கு நிக்காஹ், அமாவாசைக்கு மறுநாள், கோவையில். டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். சேலை நிறத்தைப் பற்றி அவர் அம்மா தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க மேடம். நான் ஒருத்தனே பாத்துக்கறேன். இனி ஒரு நம்பர்கூட..."

"உங்களை நம்பாம இல்லீங்ண்ணா. கல்லு லாரி நிக்குது. இந்தப் பக்கத்துல ஒரு தடவை கோடு விழுந்துபோச்சு. ரெண்டு பேர் பாத்து, ரெண்டு பேர் கையெழுத்து இருந்தாத்தான் அது நிக்கும்."

டிக்கெட்டை ரத்து செய்தார். அப்பாவுக்குப் போன் பண்ணும்போது நான் வெளியே போய் நின்றேன். "வேலை முடியலீங்க அத்தா" என்று மட்டும் காதில் விழுந்தது. யாரால் முடியவில்லை என்று அவர் சொல்லவேயில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகு அலுவலகத்திலும் சொல்லவில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள், பத்துக் கட்டமும் பூஜ்யம். பத்துப் பூஜ்யங்களையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். அமாவாசையன்றும் பூஜ்யம். நான் கடலைப் பார்த்துக் கும்பிட்டேன். மேடம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

மூன்றாம் நாள் நிக்காஹ். பதினொன்றரை மணி ஏற்றம். முதல் நான்கு கட்டம் வெறும் தண்ணீர். ஐந்தாவதில் ஒரு ஜோடி. ஆறாவது முடிச்சைத் தாண்டினோம். அங்கே பக்கத்து ஓடை வந்து கடலில் விழுகிற இடம். மணல் கொஞ்சம் பருமனாக, காலுக்குச் சொரசொரவென்று இருக்கும். குமிழி. அதற்கப்பால் குமிழி. தண்ணீர் முழுக்கக் கொதிக்கிறதுபோல. நான் சத்தமாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஆறிலும் ஏழிலுமாகப் பத்தொன்பது ஜோடி. எட்டில் இரண்டு. மற்றதில் ஒன்றுமில்லை.

என் நடுவைக் கேட்டிருந்தால் அங்கே இரண்டு, மூன்று என்று சொல்லியிருக்கும். அந்த நூறு மீட்டரில் எங்கே கல்லைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நான் நிரப்பிய பக்கம் சொல்லியிருக்கும். மரியாதையாக.

இடுப்பளவு நனைந்தபடி கரையேறி மேடம் போன் பண்ணினார். "முடிஞ்சுதுங்களா அத்தா? அல்ஹம்துலில்லாஹ். இங்கயும் முடிஞ்சுது. ரெண்டே கட்டத்துல பத்தொம்பது ஜோடி வந்துச்சுங்க அத்தா." அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "அங்க ஒரே ஒரு ஜோடிதானாம். அதுக்கே சோறு பத்தலையாமுங்ண்ணா."

பங்குனி முடிவதற்குள் கணக்கைக் கொடுத்தோம். அடித்த பக்கத்தையும் சேர்த்தே கொடுத்தார். அதிகாரி அந்த அடித்த கோட்டைப் பார்த்துவிட்டு, "மற்றதெல்லாம் நிஜம் என்று இதை வைத்து நம்பலாம்" என்றாராம். சுவர் ஓடை முகத்தில் மட்டும் பின்வாங்கி, வளைந்து எழுந்தது. நிரஞ்சன் வீடு அதற்கு உள்ளேதான் இருக்கிறது. "ஏனுங்ண்ணா, உங்க நண்டுக்கு வாசல் உட்டுக் கட்டியிருக்கறாங்க, என்ற ஊட்டுக்குத்தான் கதவு சரியில்லை" என்று போனில் சொன்னார். அடுத்த மாசியில் அந்த வளைவில் நின்று எண்ணினேன். அதற்கடுத்த மாசியிலும்.

முழங்கால் இரண்டும் ஈர மணலுக்கு ஒத்துவராமல் போனபோது, ஐம்பத்து நாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். குறையொன்றுமில்லை. இந்த வேலை எனக்குக் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

திவ்யாவை அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். "அமுக்காத கண்ணு. தாள்ல எழுது. 'மழை, பார்க்கவில்லை'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பு. ஆப்பைத் திருத்தற வேலையை அவங்க பாத்துக்குவாங்க" என்றேன். "மேடம் வைய மாட்டாங்களா?" என்றாள். "'ங்க' எத்தனை வருதுன்னு எண்ணிப் பாரு, தெரிஞ்சுரும்" என்றேன்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மேடமே காரில் கொண்டுவந்து பீளமேட்டு பஸ் நிறுத்தத்தில் விட்டார். மாலையும் பழத்தட்டும் மடியில். மில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று வெயிலில் மின்னியது. சூலூர் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு, அந்தப் பௌர்ணமிக்கு, நான் பாக்காத அஞ்சு கட்டத்துல எத்தனை இருந்திருக்குமுங்க மேடம்?"

பஸ் வந்து நின்றது. பழத்தட்டை என் கையில் சரியாக வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"தெரியாதுங்ண்ணா. முழங்காலைப் பாத்து ஏறுங்க."